கிட்டாரைக் குடத்துக்குச் சுருதி சேர்ப்பது

டிசம்பரில் எங்கள் பேண்டுக்கு ஒத்திகை கிடையாது. டிரம்ஸ் வாசிக்கிறவன் கேரல் ரவுண்ட்ஸுக்குப் போய்விடுவான். கிட்டார்காரன் குளச்சல் பக்கம் அவன் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவன், கிறிஸ்மஸ் முடியும்வரை போனையே எடுக்க மாட்டான். எனக்கும் சர்ச்சில் கீபோர்டு வேலை இருக்கும். நவராத்திரி வந்துவிட்டால் வயலின் வாசிக்கிற தங்கச்சியைப் பிடிக்க முடியாது. பங்குனி, சித்திரை, அப்புறம் ஆடி என்று கோயில் கொடைத் திருவிழாக்கள் தொடங்கினால் மார்த்தாண்டத்துச் செண்டை மேளக்காரனும் வில்லுப்பாட்டுக்காரர்களும் இல்லை. மிச்ச நாட்களில் மழை. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. பார்வதிபுரம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் தகர ஷீட் போட்ட அறைதான் எங்கள் ஒத்திகை இடம் என்பதால், மழை பிடித்தால் அன்றைக்கு மழையின் தாளம் மட்டும்தான்.

புலம்பலாகத் தெரியலாம். ஆனால் எங்கள் பேண்ட் எப்படிப்பட்டது என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெருநகரத்து இண்டி பேண்டுகள் பெரும்பாலும் ஒரே ஆல்பங்களைக் கேட்டு வளர்ந்த நாலு பேர் ஹாஸ்டல் அறையில் சேர்ந்து தொடங்குபவை. எங்களில் ஒவ்வொருவனுக்கும் ஏற்கெனவே ஒரு இசை இருக்கிறது, அதற்கு ஒரு திருவிழா இருக்கிறது, அந்தத் திருவிழாவில் இவன் வராவிட்டால் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். அதையெல்லாம் முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் வந்து உட்காருகிறோம்.

ராக் எங்களுக்கு வந்தது மேற்கிலிருந்து. சென்னை இங்கிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம். திருவனந்தபுரம் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். 2003-இல் அங்கே தொடங்கிய 'அவியல்' பேண்ட், மலையாளத்தில் ஆல்டர்நேட்டிவ் ராக் பாட முடியும் என்று காட்டியபோது களியக்காவிளை, மார்த்தாண்டம் பையன்களுக்கு அது பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரிதான். பிறகு பெங்களூருவின் 'அகம்' வந்தது, கீர்த்தனைகளுக்குக் கீழே புரோகிரசிவ் ராக். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியது. கானா பாடகர்கள் நடுவில் நின்றார்கள், கிட்டாரும் டிரம்ஸும் அவர்களைச் சுற்றி நின்றன. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பாட்டைவிட யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் நம் ஊரில் ஃப்யூஷன் என்று வருவதில் பெரும்பகுதிக்கு ஒரே அச்சு. தொடக்கத்தில் எட்டு வினாடி உடுக்கையோ பறையோ ஒலிக்கும். பிறகு டிரம்ஸ் வரும், ராக ஆலாபனை வரும், கிட்டார் சோலோ வரும். உடுக்கைக்காரர் போனவர் போனவர்தான். நாட்டார் இசை அங்கே இலை ஓரத்து ஊறுகாய். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. எங்கள் முதல் மூன்று பாட்டுகளும் இந்த அச்சில்தான் இருந்தன, கல்லூரி கல்ச்சுரல்ஸில் நல்ல கைதட்டலும் கிடைத்தது.

சாஸ்திரிய சங்கீதம் இந்த மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி மண்டபத்தைப் பார்க்காத பள்ளிக்கூடப் பிள்ளை இங்கே இல்லை. திருவிதாங்கூர் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு கச்சேரியும் அங்கே போய்விட்டது. ஆனாலும் வருடா வருடம் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்த்தான் அங்கே நவராத்திரி நடக்கிறது. 1956 நவம்பரில் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து மாநிலம் மாறியது, ஊர்வலம் மாறவில்லை. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் ஒன்பது நாளுக்கும் ஒன்பது கீர்த்தனை செய்து வைத்திருக்கிறார், முதல் நாள் சங்கராபரணத்தில் தொடங்கி ஒன்பதாம் நாள் ஆரபியில் முடியும். எங்கள் வயலின் தங்கச்சி வடிவீஸ்வரத்தில் ஒரு மாமியிடம் இந்த ஒன்பதையும் பாடம் செய்தவள். திருவனந்தபுரத்து மண்டபத்தின் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், நாதம் நன்றாகக் கேட்பதற்காக. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும்.

பானை அங்கே கூரையில் தொங்குகிறது. சபாவில் கடமாக மடியில் உட்காருகிறது. 1970-களில் 'சக்தி' ஃப்யூஷன் குழுவோடு விக்கு விநாயக்ராம் அதை உலக மேடைகளுக்கே கொண்டுபோனார். எங்கள் ஊர்க் கொடையிலோ அது வைக்கோல் புரிமணையில் தரையில் இருக்கிறது. மண்டபத்துப் பானையைத் தெரிந்த எங்களில் பாதிப் பேருக்குக் கொடைக் குடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பழக்கமில்லை.

வில்லுப்பாட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பத்தடிக்குக் கிட்டத்தட்ட வரும் ஒரு வில், அதன் நடுவில் கட்டிய குடம், நாணில் மணிகள். பாட்டை நடத்துகிற புலவர் வீசுகோலால் நாணைத் தட்டிக்கொண்டே கதை சொல்லுவார். குடக்காரர் பத்தி என்கிற தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார். கூடவே உடுக்கை, ஜால்ரா, கட்டை. வலம் பாடுகிறவர், இடம் பாடுகிறவர் என்று பின்பாட்டு. சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன் கொடைகளில் ராத்திரி முழுக்க நடக்கும். இது மாறாத கலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லைக் கோயில் வாசலிலிருந்து எடுத்து காந்தி கதை சொல்ல வைத்தார். சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். ஆர்மோனியம் வந்தது, தபேலா வந்தது, இப்போது சில குழுக்களில் கீபோர்டும் ரிதம் பேடும் இருக்கின்றன. சோதனை முயற்சி என்று நாங்கள் போஸ்டரில் போட்டுக்கொள்வதை அவர்கள் போஸ்டர் இல்லாமலே செய்துகொண்டிருக்கிறார்கள்.

தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு அக்காவும் அவருடைய குழுவில் இரண்டு பேரும் எங்களோடு சேர்ந்தது செண்டைக்காரன் மூலமாக. அக்காவுக்கு அறுபது வயது இருக்கும், பதினாறு வயதிலிருந்து வில்லில் உட்காருகிறவர். குடம் வாசிக்கிறவர் அவருடைய அண்ணன் முறை, எங்களுக்கு அண்ணாச்சி. முதல் நாள் மாடிக்கு வந்ததும் அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இவ்வளவு வயரு எதுக்கு மக்ளே?" என்று கேட்டார். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்றைக்கே முதல் சிக்கல் வந்துவிட்டது. அண்ணாச்சி குடத்தை ஒரு தட்டுத் தட்டினார். கிட்டார்காரன் டியூனரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஐந்தரைக் கட்டைக்கும் ஆறுக்கும் சரியாக நடுவில் நின்றது. அதாவது ஏ-வும் இல்லை, ஏ-ஃப்ளாட்டும் இல்லை. வேறு குடம் இருக்கிறதா என்று கேட்டோம். இருந்தது. அதைக் கொண்டுவருவதில் அண்ணாச்சிக்கும் ஆட்சேபம் இல்லை. அக்காதான் விடவில்லை. "என் தொண்டை இந்தக் குடத்துக்குத்தான் பழகியிருக்கு. ஒங்க பெட்டிய கொஞ்சம் எறக்குங்க" என்றார்.

இறக்கினோம். கிட்டாரின் ஆறு கம்பியையும் அரை சுரத்தில் பாதி தளர்த்தினான். கீபோர்டில் சுருதி அளவு 440 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை நான் 427-க்குக் கொண்டுவந்தேன், மெனுவுக்குள் நாலு பொத்தான் அழுத்துகிற வேலை. வயலின் தங்கச்சிக்கு அது ஒரு விஷயமே இல்லை, பாடகர் எந்தச் சுருதியோ அதற்குச் சேர்த்துத்தான் அவள் பழகியிருக்கிறாள். எல்லாம் முடிந்து அக்கா "தந்தனத்தோம்" என்று எடுத்தபோது, குடமும் அவர் குரலும் கிட்டாரின் தடித்த கம்பியும் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தன. முந்தைய மூன்று பாட்டுகளில் ஈக்வலைசரில் நாங்கள் தேடித் தேடிக் கிடைக்காத அடித்தளம் இதுதான். குடத்தோடு முட்டிக்கொண்டிருந்த பேஸ் கிட்டாரை நான் பேச்சில்லாமல் பாட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

எடுத்துக்கொண்டது நீலி கதையிலிருந்து ஒரு துண்டு, ஒப்பாரிக்குப் பக்கத்தில் வருகிற இடம். பழகைநல்லூர் நீலியைத் தெரியாத ஊர் இங்கே இல்லை. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிற இசக்கியம்மன் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை அது. அக்கா பாடப் பாட, தங்கச்சி தலையை ஆட்டிக்கொண்டே, "ஆனந்தபைரவி அண்ணே இது" என்றாள். எனக்கும் உடனே பிடிபட்டது. காரணம் வேறு. சின்ன வயதிலிருந்து சர்ச்சில் பாடுகிற கீர்த்தனைகளில் சில ஆனந்தபைரவியில்தான் இருக்கின்றன. தமிழ்க் கிறிஸ்தவர்களின் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலேயே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். அக்காவிடம் சொன்னபோது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பைரவியோ என்னமோ, இது எங்க ஆத்தா பாடுன மெட்டு." ஆனந்தபைரவி, புன்னாகவராளி, நீலாம்பரி மாதிரி ராகங்கள் நாட்டார் மெட்டுகளிலிருந்துதான் சபைக்கு ஏறின என்று இசை ஆராய்ச்சியாளர்கள் சொல்வதுண்டு. அப்படியென்றால் அக்காவுக்குப் பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

சண்டை வந்தது கார்டில், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பதில். ஆனந்தபைரவியில் சாதாரண காந்தாரம் என்கிற தாழ்ந்த 'க' இருப்பதால் கிட்டார்காரன் மைனர் கார்டு போட்டான். கோயில் பாடகர் குழுவில் பழகிய கை, அப்படித்தான் போகும். என் கையும் அப்படித்தான். ஆனால் அந்த ராகத்தில் சில பிடிகளில் அந்தர காந்தாரம் என்கிற உயர்ந்த 'க' வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அக்கா அதைப் பாடுகிற நொடியில் கீழே மைனர் கார்டு ஒலித்துக்கொண்டிருந்தால் இரண்டும் பல்லைக் கடிக்கின்றன. அதோடு அவர் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை, மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்கிறது. ஃப்ரெட்டில் அதற்கு இடம் கிடையாது. கீபோர்டில் பிட்ச் வீலை எவ்வளவு உருட்டினாலும் சினிமா நாகஸ்வரம் மாதிரி ஒரு சத்தம்தான் வரும். அக்கா பாடுவதில் கொஞ்சம் "நேராக்கினால்" போதும் என்று ஒருவன் சொன்னான். தங்கச்சி வில்லைக் கீழே வைத்துவிட்டாள். வயலின் வில்லைத்தான்.

கடைசியில் காந்தாரத்தைக் கிட்டாரிலிருந்து எடுத்துவிட்டோம். ஷட்ஜமும் பஞ்சமமும், அதாவது 'ச'-வும் 'ப'-வும் மட்டும். ராக்கில் இதற்குப் பவர் கார்டு என்று பெயர், கிரஞ்ச் கிட்டார்காரர்கள் பிழைப்பே அதில்தான் நடக்கிறது. தம்புராவும் அதே இரண்டு சுரத்தை வைத்துத்தான் பிழைக்கிறது. இதை நான் சொன்னபோது கிட்டார்காரனுக்குச் சமாதானம் ஆகவில்லை. டிஸ்டார்ஷன் பெடலை மிதித்து ஒரே கார்டை நாலு நிமிஷம் விடாமல் இழுத்துப் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே ஒப்பாரி போகிறபோது பாட்டு திறந்துகொண்டது.

ரெக்கார்டிங்கில் வேறு கதை. நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோ. எஞ்சினியர் நல்ல பையன், ஆனால் கிளிக் இல்லாமல் வேலை செய்து பழக்கமில்லை. ஹெட்போனில் 96 வேகத்தில் டிக் டிக் என்று ஓட விட்டான். அண்ணாச்சி கொஞ்ச நேரம் அதோடு சேர்ந்து வாசித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "லேய் மக்ளே, காதுக்குள்ள எவனோ ஆணி அடிக்கான். அவன மொதல்ல நிறுத்தச் சொல்லு."

வில்லுப்பாட்டில் வேகம் என்பது மீட்டரில் இருப்பதில்லை. கொடையில் சாமியாடி எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் புலவர் பார்த்துக்கொண்டே பாடுவார். ஆட்டம் ஏற ஏற நாணில் அடி நெருங்கும், குடம் கூடவே போகும். ஆட்டம் தணிந்தால் கதைக்குத் திரும்பி, வசனம் பேசி, யாரையாவது கிண்டல் செய்து, மூச்சு வாங்கிக்கொள்ளும். முகத்தைப் பார்த்து வேகம் கூட்டுகிற ஆளிடம் போய் 96 என்று சொன்னால் எப்படி? கிளிக்கை நிறுத்தினோம். டிரம்மர் அண்ணாச்சிக்கு எதிரில் நாற்காலி போட்டு அவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். செண்டைக்காரனுக்கு அது இயல்பாகவே வந்தது, மேளத்தில் முன்னணிக்காரர் கையைப் பார்ப்பதுதான் அவன் பாடமே. இதற்கு ஒரு விலை உண்டு. கிளிக் இல்லாவிட்டால் வெட்டி ஒட்ட முடியாது. நாலாவது நிமிஷத்தில் நான் ஒரு கட்டையைத் தப்பாக அழுத்தினால், அண்ணாச்சி மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். குடத்து வாயில் மைக்கை நேராக வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் காற்று மைக்கில் மோதிப் படபடக்கும், கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது. வில்மணிகளோ எல்லா மைக்கிலும் கேட்டன, வயலின் மைக்கில்கூட. எஞ்சினியர் அதை அழுக்கு என்றான். விட்டுவிடு என்றேன்.

அக்கா ஒன்றுக்கு மட்டும் அசையவே இல்லை. கதையில் உச்சத்துக்கு முன்னால், சாமியை வரவழைக்கப் பாடும் வரத்துப் பாட்டின் சாயலில் ஒரு பகுதி வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அவ்வளவு வேகமும் வெறியும் வேறு எதிலும் கிடையாது. "அது வேண்டாம். சாமி இல்லாத எடத்துல வரத்து பாடப்பிடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கெஞ்சிப் பார்க்கவும் எங்களுக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தைச் செண்டையும் டிரம்ஸும் மட்டுமாக விட்டோம். நல்லாயிருக்கிறது. அக்கா பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாட்டின் கடைசிப் பகுதியில் நானும் கிட்டார்காரனும் கொயர் பாணியில் டெனர், பேஸ் குரல் சேர்த்தோம். இசக்கி கதைக்குப் பின்னால் சர்ச் ஹார்மனி. கேட்ட நண்பர்கள் பலர் "மதநல்லிணக்கம்னு போடுங்க, நல்லா ஷேர் ஆகும்" என்றார்கள். போடவில்லை. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரம் இங்கே இன்னும் பல வீடுகளில் பேசப்படாமல் இருக்கிற பேச்சு. எங்கள் எட்டுப் பேரில் இரண்டு குடும்பங்களுக்கு அந்த வருடத்தைப் பற்றி வேறு வேறு நினைவுகள் இருக்கின்றன. நாலு நிமிஷ ஹார்மனி அதைக் குணப்படுத்திவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த இடத்துக்கு எங்களுக்குத் தெரிந்த குரல் அதுதான், அதனால் பாடினோம். ஒரு கொடை கமிட்டிக்காரர் பாட்டைக் கேட்டுவிட்டு, "கடைசியில சர்ச்சு சத்தம் வருதே" என்று மட்டும் சொன்னார். கண்டித்தாரா, கவனித்ததைச் சொன்னாரா என்று புரியவில்லை. அடுத்த ஆடிக்கு அழைக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வீடியோ எடுக்கும் யோசனையும் எல்லாரிடமும் இருந்தது. சுசீந்திரம் அலங்கார மண்டபத்து இசைத்தூண்கள், விவேகானந்தர் பாறைக்கு மேலே டிரோன். சுசீந்திரத்துத் தூண்கள் ஒவ்வொன்றும் ஒரே கல்லில் குடைந்த சிறு தூண்களின் கொத்து, தட்டினால் சுரம் கேட்கும். தட்டித் தட்டிக் காட்டியே தேய்க்கிற வேலைக்கு நாமும் சேர வேண்டுமா? முப்பந்தலில் எடுக்கலாம் என்று போனோம், காற்று மைக் ஸ்டாண்டையே தள்ளிக்கொண்டுபோனது. இப்போது பாட்டுக்கு ஒரே ஒரு படம்தான், புரிமணையில் குடம்.

இணையத்தில் ஏற்றும்போது படிவத்தில் கேள்விகள் வந்தன. வகை என்ன? ஆல்டர்நேட்டிவ், இந்தியன் கிளாசிக்கல், வேர்ல்ட் என்று ஒரு பட்டியல். ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டோம். அடுத்த கட்டம்தான் முக்கியம்: முதன்மைக் கலைஞர் யார், ஃபீச்சரிங் யார், இசையமைத்தவர் யார். வழக்கமாக இந்த மாதிரிப் பாட்டில் பேண்ட் பெயர் முதலில் இருக்கும், கிராமத்துக் கலைஞர் ஃபீச்சரிங்கில் இருப்பார், இசை என்ற இடத்தில் "பாரம்பரியம்" என்று போட்டுவிடுவார்கள். பாரம்பரியம் என்றால் இசையமைத்ததற்கான பங்கு யாருக்கும் போக வேண்டியதில்லை. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் வணிகப் பயன்பாட்டில் பங்கு உண்டு என்கிறது. ஆனால் படிவத்தில் பெயர் இல்லாதவரைச் சட்டம் எங்கே போய்த் தேடும்? அக்கா பெயரை முதன்மைக் கலைஞராக முதலில் போட்டோம், எங்கள் பெயர் அடுத்தது. மெட்டைப் பாரம்பரியம் என்று போட்டாலும், பாட்டமைப்பில் அண்ணாச்சி உட்பட எட்டுப் பேருக்கும் சம பங்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இதுவரை வந்திருக்கிற தொகையை எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பழச்சாறு குடிக்கலாம். இருந்தாலும் எழுதி வைத்திருக்கிறது.

பாட்டு வெளிவந்த வாரத்தில் அக்கா போன் செய்தார். பென்டிரைவில் போட்டுக் கொடுங்க, மைக் செட்காரன் கொடைக்கு முன்னால போடுவான் என்றார். கொடுத்தோம். ராத்திரியே திரும்ப அழைப்பு. "கொள்ளாம் மக்ளே. ஆனா குடத்தக் காணலியே?"

குழாய் ஸ்பீக்கர்தான் காரணம். கூம்புக்குத் தடை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் கொடையைக் குழாய் கட்டாமல் நான் பார்த்ததில்லை. அதில் கீழ்ச்சத்தம் எதுவும் வராது, குரலும் மணியும் மட்டும் ஊர் எல்லை வரை கேட்கும். நாங்கள் ஹெட்போனில் உருகி உருகிச் சேர்த்த அந்த ஆழமான முழக்கம் அங்கே சுத்தமாக இல்லை. இத்தனைக்கும் கொடையில் நேராக மைக் வைத்து வாசிக்கும்போது அதே குழாயில் குடம் நன்றாகவே கேட்கிறது. அண்ணாச்சியிடம் கேட்டபோது, மைக் செட் என்றால் அவர் பத்தியை விளிம்பில் கொஞ்சம் சாய்த்து அடிப்பார், அந்தச் சிலீர் சத்தம்தான் குழாயில் போகும் என்றார். எங்கள் ரெக்கார்டிங்கில் அந்தச் சத்தம் மைக்கைச் சாய்த்து வைத்ததில் பாதி போய்விட்டது. மிச்சப் பாதி வில்மணி மைக்கிலும் வயலின் மைக்கிலும் கிடக்கிறது, எஞ்சினியர் அழுக்கு என்று சொன்ன அதே இடத்தில். அங்கிருந்து அதைத் தேடி எடுத்து, கீழ்ச்சத்தத்தை எல்லாம் வெட்டிவிட்டு, குழாய்க்கென்று தனியாக ஒரு மிக்ஸ் செய்துகொண்டிருக்கிறேன். ஆடிக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும்.